‘மிஸ்…’ என்று கூப்பிடும் குரல்: கத்தோலிக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு வாக்கியம் சொல்வார்: “இது வெறும் வேலை இல்லை, அழைத்தல்.” எந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும் யாராவது ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்: “அழைத்தல்னா நாங்க என்ன செய்யணும் டீச்சர்?”

நியாயமான கேள்வி. திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழையும்போது என்ன செய்வது என்று சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் சுவரில் மாட்டிய படம் மாதிரி ஆகிவிடும். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் 26 வருடமாகத் தமிழ் சொல்லித் தருகிறேன். ஸ்டாஃப் ரூமில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். ஆசிரியரை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அலுவலகத்தில் இருப்பவருக்கும், பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

நம் பங்குகளில் இறையழைத்தல் என்றாலே குருமடமும் கன்னியர் மடமும்தான் நினைவுக்கு வரும். ஈஸ்டரில் தொடங்கும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. அதை இறையழைத்தல் ஞாயிறாகவும் கொண்டாடுகிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிவைத்து 1964 முதல் நடக்கிறது. அன்றைக்குப் பூசையில் ஃபாதர், “உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுங்கள்” என்று பிரசங்கம் வைப்பார். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே, அழைத்தல் என்பது அங்கி போட்டவர்களுக்கு உரியது, நமக்கு அதில் பங்கில்லை என்று பழகிவிட்டோம்.

அதே 1964-ஆம் ஆண்டு நவம்பரில், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. அதன் ஐந்தாம் அதிகாரம் முழுக்க ஒரே விஷயம்தான்: திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர். வீட்டிலும் வேலையிலும் இருந்தபடியே அதற்குப் பதில் சொல்லலாம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஆள் இருக்கிறார். நட்டாலத்துத் தேவசகாயம். மணமானவர், திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலர். சொந்த வாழ்க்கையில் இழப்பு மேல் இழப்பாக வந்து மனம் உடைந்திருந்த நாளில், கூட வேலை பார்த்த டச்சுக்காரத் தளபதி டிலனாய் அவரிடம், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னார். அந்தப் பேச்சில்தான் எல்லாம் தொடங்கியது. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 1752 ஜனவரி 14-ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது எங்கள் பள்ளியில் எல்லோரும் அவரைப் பிணைத்திருந்த சங்கிலியைப் பற்றியும், அவருக்குத் தண்ணீர் சுரந்ததாகச் சொல்லும் பாறையைப் பற்றியும் பேசினார்கள். எனக்கு அந்த டிலனாய்தான் மனத்தில் நின்றார். வேலை செய்யும் இடத்தில், வாடியிருந்த ஒரு முகத்தைப் பார்த்து, உட்கார்ந்து பேசிய மனிதர் அவர். கடவுளின் அழைப்பு ஒரு சக ஊழியரின் வாய் வழியாக வந்தது.

சாமுவேலின் கதையை மறுபடி வாசியுங்கள்

பள்ளி திறப்பதற்கு முன் ஒரு மாலை 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். ஞாயிறு மறைக்கல்வியில் கேட்ட கதைதான். சிறுவன் சாமுவேல் கோவிலில் படுத்திருக்கிறான். ஆண்டவர் அழைக்கிறார். அவன் கோவிலின் வயதான குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து “இதோ! அடியேன்” என்று ஓடுகிறான். “நான் கூப்பிடவில்லை, போய்ப் படு” என்கிறார் ஏலி. இப்படி மூன்று முறை.

பிரசங்கங்களில் நான்காம் முறைதான் பேசப்படும்: “பேசும், உம் அடியேன் கேட்கிறேன்.” நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது முதல் மூன்று முறைகளை. தூக்கத்திலிருந்து எழுந்து, பார்வை மங்கிய ஒரு கிழவருக்குத் தண்ணீர் வேண்டுமோ கை பிடிக்க வேண்டுமோ என்று ஓடினானே, அந்த ஓட்டம் வீண் போனதா? ஆண்டவரின் குரலும் ஏலியின் குரலும் அவனுக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. எழுந்து ஓடிப் பழகிய பையனிடம்தான் ஆண்டவர் பேசினார்.

பள்ளிக்கூடத்தில் அழைப்பு “மிஸ்…” என்றுதான் கேட்கும். சில சமயம் “டீச்சர், ஒரு நிமிஷம்.” சில சமயம் வாட்ச்மேன் அண்ணன் வந்து, “கேட்ல ஒரு அம்மா நிக்கிறாங்க” என்பார். அது கடவுளா, வெறும் தொந்தரவா என்று அந்த நேரத்தில் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. எழுந்து போவதுதான் முதல் பாடம்.

முதல் மாதம்: வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிய வீட்டுக்கு மருமகளாகப் போனால் முதலில் அந்த வீட்டின் நேரங்களைக் கற்றுக்கொள்வோம் இல்லையா, அதுபோல. காலை வழிபாடு எத்தனை மணிக்கு, யார் நடத்துகிறார்கள், உங்கள் வகுப்புக்கு எந்த வாரம் முறை வரும் என்று கேட்டு எழுதிவையுங்கள். மதியம் 12 மணிக்கு மணி அடித்தால் பல பள்ளிகளில் மூவேளைச் செபம் சொல்வார்கள். கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதியிருந்தாலும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நிற்க வேண்டும். முதல் வெள்ளி திருப்பலி, அக்டோபரில் செபமாலை, தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை, டிசம்பரில் குடில். எங்கள் ஊரில் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, அன்று உள்ளூர் விடுமுறை. அந்த வாரத்தில் தேர்வு வைக்காதீர்கள். பாதிப் பிள்ளைகள் இரவெல்லாம் கோவிலில் இருப்பார்கள்.

நீங்கள் கத்தோலிக்கர் இல்லையென்றால் ஒன்று சொல்கிறேன். சிலுவை அடையாளம் போடத் தெரியவில்லையே என்று கூச்சப்படாதீர்கள். அமைதியாக நின்றால் போதும். எங்கள் பள்ளியில் மிகச் சிறந்த ஆசிரியைகளில் சிலர் நெற்றியில் திருநீறு வைத்தவர்கள். அவர்களைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது நிறைய.

இன்னொன்று, முதல் மாதத்திலேயே பெயர்கள். பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் போதாது. கூட்டிப் பெருக்கும் ஆயாம்மாவின் பெயர், சத்துணவுக்கூடத்தில் சமைப்பவரின் பெயர், அலுவலகத்தில் கட்டண ரசீது போடும் தம்பியின் பெயர், எல்லாம் தெரிய வேண்டும். எங்கள் ஆயாம்மா தினமும் காலை ஏழு மணிக்குச் சிற்றாலயத்தைத் திறந்து, முந்தைய நாள் பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பார். யாரும் அவருக்கு அழைத்தலைப் பற்றி வகுப்பு எடுத்ததில்லை. ஒருநாள் வாடாத பூவையும் எடுத்துப் போடுகிறாரே என்று கேட்டேன். “பிள்ளைங்க தொட்டுக் கும்பிடும் மிஸ், நேத்துப் பூவத் தொடக்கூடாது” என்றார்.

வருகைப் பதிவேட்டைச் செபப் புத்தகமாக்குங்கள்

நான் யாருக்காவது ஒரே ஒரு பழக்கம் சொல்லித்தர வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

தினமும் காலையில் பெயர் கூப்பிடுகிறோம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியிலும் வருகை போட வேண்டியிருப்பதால் அவசர அவசரமாக முடித்துவிடத் தோன்றும். அதில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரு விநாடி பாருங்கள். உதட்டை அசைக்காமல் மனத்துக்குள் “ஆண்டவரே, இவளைப் பாரும்” என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது விநாடி கூடுதலாகும்.

எசாயா 43-ல் “உன் பெயரைச் சொல்லி உன்னை அழைத்தேன், நீ எனக்கு உரியவன்” என்று வரும். பெயர் கூப்பிடும் அந்த ஐந்து நிமிடத்தில் நாம் செய்வது அந்த வேலையில் ஒரு சின்னப் பங்கு. இதை ஒரு மாதம் செய்து பாருங்கள். யார் முகம் கழுவாமல் வந்திருக்கிறாள், யார் அழுதிருக்கிறாள், யார் புதிதாகக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள் என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும். செபமும் கவனமும் இரண்டு தனி வேலைகள் என்று நினைத்திருந்தேன். பதிவேட்டில்தான் அவை ஒன்றாயின.

ஆசிரியர்களின் பாதுகாவலர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை அப்படி அறிவித்தார். அவர் சபையினர் நடத்தும் பள்ளிகளில் செபத்தைத் தொடங்கும்போது, இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவில் கொள்வோம் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். வகுப்புக்குள் நுழையும் முன் வாசற்படியில் அதை ஒருமுறை நினைத்துக்கொண்டால், முந்தின பீரியடின் கோபம் இந்த வகுப்புக்குள் வராது. எனக்கு வேலை செய்கிறது.

குறுக்கே வருவதைக் குறுக்கீடாக நினைக்காதீர்கள்

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். ஏழாம் வகுப்பு. தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருவாள். முதல் வாரம் எச்சரித்தேன். இரண்டாம் வாரம் முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்க வைத்தேன். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். பையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரமாக நிற்பாள். அவள் சீருடையில் இடது இடுப்புப் பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். அதை நான் தினமும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்து கிளம்பும்போது இன்னொரு பெண் பின்னாலேயே வந்தாள். “மிஸ்… ஒண்ணு சொல்லணும்.” எனக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகியிருந்தது. அப்புறம் சொல் என்று சொல்ல வாயெடுத்து, என்னவோ நின்றேன். “அவ அம்மா விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்குப் போயிருவாங்க மிஸ். தம்பிய பால்வாடில விட்டுட்டுத்தான் இவ வரணும். ஆயா வந்து கதவத் திறக்க ஒன்பதாயிரும்.”

அந்த ஈரம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறாள்.

அன்றைக்கு மாலை நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் ஆசிரியர் மன்னிப்புக் கேட்கலாமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். கேட்கலாம், கேட்க வேண்டும். அப்புறம் தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொன்னேன். வளாகத்திலேயே இருந்த மழலையர் வகுப்பு வராந்தாவில் அந்தத் தம்பி காலை எட்டரையிலிருந்து உட்கார ஏற்பாடு ஆனது. ஒன்பது மணிக்கு மேல் நம் ஆயாம்மா அவனைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருவார். பெரிய தியாகம் யாருக்கும் தேவைப்படவில்லை. யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடற்கரைக்கு மறைப்பணிக்கு வந்த புனித சவேரியாருக்கும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், தான் குருக்கள் தினமும் சொல்லவேண்டிய கட்டளைச் செபம் சொல்லவோ சாப்பிடவோ தூங்கவோ சிறுவர்கள் விடவில்லை, ஏதாவது செபம் சொல்லித்தரும் வரை நகரமாட்டோம் என்றார்கள் என்று சொல்கிறார். விண்ணரசு இத்தகையோரது என்பது அப்போதுதான் தனக்கு விளங்கத் தொடங்கியது என்கிறார். சவேரியாருக்கே செபத்தை நிறுத்திவிட்டு எழ வேண்டியிருந்தது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்: ஒரு பிள்ளை தேடி வந்தால் நடந்துகொண்டே பதில் சொல்லாதீர்கள். நில்லுங்கள். உண்மையிலேயே நேரமில்லையென்றால், “மத்தியானம் பெல் அடிச்சதும் இதே இடத்துக்கு வா” என்று இடமும் நேரமும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் முதலில் போய் நில்லுங்கள். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோ 1884-ல் தம் சபையாருக்கு எழுதினார். சொன்ன இடத்தில் காத்திருக்கும் ஆசிரியையைப் பார்த்தால் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும்.

பிள்ளை இரகசியம் சொல்ல வந்தால்

இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்” என்று ஒரு பிள்ளை தொடங்கினால், சத்தியம் செய்யாதீர்கள். “நீ பத்திரமா இருக்கணும்னா நான் சிலர்கிட்டப் பேசவேண்டி வரலாம். ஆனா உனக்குத் தெரியாம எதுவும் செய்யமாட்டேன்” என்று சொல்லுங்கள். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசாதீர்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்காத இடம் வேண்டும். எங்களுக்கு அது மாதா சொரூபம் இருக்கும் கெபிக்கு முன்னால் உள்ள சிமெண்ட் திண்ணை.

பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைப்பது குற்றம். பள்ளியின் பெயர் கெடும், சபையின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண். 14417 தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதிவையுங்கள். இதைச் செய்வதும் அழைத்தலுக்குப் பதில் சொல்வதுதான். மூன்று நாள் தியானத்தைவிட இதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளும் கத்தோலிக்கர் இல்லை

பல கத்தோலிக்கப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள்தான் குறைவு. வழக்கமாக அவர்களுக்கு மறைக்கல்வி நடக்கும் அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். புது ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் இந்த நன்னெறி வகுப்புதான் கிடைக்கும். கணக்குப் பாடம் முடிக்க வாய்ப்பு என்று அதை விழுங்கிவிடாதீர்கள். அந்த 40 நிமிடத்தில் பிள்ளைகள் பேசுவதை வேறெந்தப் பாடவேளையிலும் பேசமாட்டார்கள்.

அரசமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளில் சமயக் கல்விக்கோ வழிபாட்டுக்கோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டம் சொல்வதற்கு முன்பே இது மரியாதை. நமக்குக் கிடைத்த அழைத்தலை ஆள் சேர்ப்பாக மாற்றினால் அதன் ஈரம் போய்விடும். ஒரு முஸ்லிம் பிள்ளை நோன்பு இருக்கும் மாதத்தில் மத்தியான விளையாட்டு வகுப்பில் நிழலில் உட்கார வைப்பது, மாலை போட்ட அப்பாவைப் பற்றி ஒரு பிள்ளை பெருமையாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்பது, இதெல்லாம் கத்தோலிக்கப் பள்ளி செய்யவேண்டிய வேலைதான்.

மாலையில் ஐந்து நிமிடம்

இஞ்ஞாசியார் தம் சபையாரை விடாமல் செய்யச் சொன்ன செபம் ஒன்று உண்டு. பழைய செபப் புத்தகங்களில் ஆத்தும சோதனை என்று இருக்கும். இப்போது ஆன்ம ஆய்வு என்கிறோம். படிகள் ஐந்து: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது.

நான் இதைப் பஸ்ஸில் செய்கிறேன். ஜன்னலோர இடம் கிடைத்தால் நல்லது, நின்றுகொண்டும் செய்யலாம். திரும்பிப் பார்க்கும் படியில் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: இன்றைக்கு யார் என்னைக் கூப்பிட்டார்கள், நான் எழுந்தேனா? கூப்பிட்டும் போகாதவர்களின் பெயரைக் கைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் எழுதிவைப்பேன். மறுநாள் முதல் வேலை அந்தப் பெயர்தான். சில நாள் மூன்று பெயர் இருக்கும். ஒருநாள் சக ஆசிரியை ஒருவரின் பெயர் இருந்தது. காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு வணக்கம் சொன்னவர், நான் கடந்து போய்விட்டேன். மறுநாள் கேட்டபோதுதான் அவருடைய தாயாருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருப்பது தெரிந்தது. அவருக்கு இரண்டு பாடவேளை மாற்றிக்கொடுத்தோம். டிலனாயின் இடம் ஸ்டாஃப் ரூமில் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

“நான் சிஸ்டர் ஆகப்போறேன் மிஸ்”

எந்த வருடமாவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து இதைச் சொல்வாள். கைதட்டிக் கொண்டாடாதீர்கள், சிரித்தும் விடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் சொல்வது பத்தாம் வகுப்பில் மாறலாம். மாறாமலும் இருக்கலாம். “எப்போ இப்படித் தோணுச்சு?” என்று கேட்டுவிட்டுப் பேசவிடுங்கள். வீட்டுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் எந்தச் சபையின் முகவரியையும் கொடுக்காதீர்கள். வீட்டில் வரன் பார்ப்பதிலிருந்தோ சண்டையிலிருந்தோ தப்பிக்க நினைக்கிறாளா என்பதையும் மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியென்றால் அவளுக்கு வேண்டிய உதவி வேறு.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கச் சொல்லுங்கள். திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாமல் நவகன்னியர் நிலைக்கு, அதாவது துறவறப் பயிற்சிக்கு, சேர்க்கவே முடியாது, ஆகவே அவசரம் ஒன்றுமில்லை. பொதுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் பல சபைகளும் மறைமாவட்டங்களும் இறையழைத்தல் முகாம் நடத்தும். பெற்றோர் சம்மதித்தால் அதற்கு ஒருமுறை போய் வரட்டும். போய்விட்டு வந்து, “இல்ல மிஸ், நான் நர்சிங் படிக்கிறேன்” என்றால் அதையும் அதே மகிழ்ச்சியோடு கேளுங்கள்.

அன்னை தெரேசாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது நான் ஒரு விஷயத்தை விடாமல் சொல்வேன். 1946 செப்டம்பர் 10-ல் டார்ஜிலிங் ரயிலில் அவருக்கு, மடத்தை விட்டு ஏழைகளிடம் போகச் சொல்லும் ‘அழைத்தலுக்குள் ஓர் அழைத்தல்’ கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் கல்கத்தாவின் என்டாலியில் உள்ள செயின்ட் மேரீஸ் பெண்கள் பள்ளியில் பதினைந்து வருடம் புவியியலும் வரலாறும் சொல்லித் தந்தார், 1944-ல் தலைமையாசிரியை ஆனார். அந்த வருடங்களும் அழைத்தல்தான். அவருடைய நினைவு நாள் செப்டம்பர் 5, நமக்கு ஆசிரியர் தினம். அன்று பிள்ளைகள் பேனாவும் பூவும் கொண்டு வருவார்கள். காலை வழிபாட்டில் அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ‘முடியாது’ என்று சொல்வது

இதைப் பேசாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ‘அழைத்தல்’ என்ற சொல்லைக் காட்டி எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டுகிறவர்களும் இருப்பார்கள். ஞாயிறும் வா, விடுமுறையிலும் வா, சம்பளத்தைப் பற்றிக் கேட்காதே, இது கடவுள் வேலை என்பார்கள். உழைப்புக்குரிய கூலியைப் பிடித்து வைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று சின்னக் குறிப்பிடம் என்ற மறைக்கல்விப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். கேட்கவேண்டியதை மரியாதையோடு, எழுத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டில் பசியோடு உங்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் “அம்மா…” என்பதும் அழைப்புதான். அதற்குப் பதில் சொல்லாமல் பள்ளியின் நூறாவது வேலையைச் செய்வது பக்தி ஆகாது.

ஆனால் சோர்வு வேறு, முடிவு வேறு. நவம்பர் வாக்கில், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். மனம் வறண்டு கிடக்கும்போது முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியார் சொன்ன விதி. அந்த வாரத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து வந்து, தெளிந்த மனத்தோடு யோசியுங்கள். அப்போதும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் நிம்மதியாகப் போகலாம்.

லசாலும் தம் பள்ளிப் பணியைத் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. ரைம்ஸ் நகரத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்த குருவானவர் அவர். ஏழை ஆசிரியர்கள் சிலருக்குச் சின்ன உதவி செய்யப் போனார். இவர்களோடு ஒன்றாக வாழவேண்டி வரும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அப்போதே விட்டுவிட்டிருப்பேன் என்று பின்னாளில் எழுதினார். ஆண்டவர் அவருக்கு ஒரு நேரத்தில் ஒரு படியைத்தான் காட்டினார்.

அந்த வறண்ட வாரத்துக்கு என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கடைசி மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சிற்றாலயத்துக்குப் போங்கள். செபம் வரவில்லையென்றால் பரவாயில்லை. பதிவேட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் பெயரிலிருந்து மெதுவாக வாசித்துக்கொண்டே வாருங்கள். நாலரைக்கு ஆயாம்மா பூட்ட வருவார். நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சாவியைச் சத்தம் வராமல் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.